மறுபாதி சொல்ல ஒரு ஆள்

7 அக்டோபர் 2025, செவ்வாய்

இன்று ஒரு தவறு தெரிய வந்தது. ஜெபமாலையைப் பதிவு செய்தபோது அம்மாவுக்காக விட்ட இடைவெளி போதவில்லை.

முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கே பிசகினேன் என்று பிறகு எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் மாலை ஜெபமாலையை இரண்டு குரலில்தான் சொல்வோம். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி முதல் பாதியைச் சொல்வார். மற்றவர் மறுபாதியைச் சொல்லி முடிப்பார். மாலையின் ஒரு மணிக்கு ஒன்றாக, பத்து மணிகள் ஒரு பத்து, மொத்தம் ஐந்து பத்து. அப்பா இருந்தவரை முதல் பாதி அவருடையது. அம்மாவும் நானும் பதில் சொல்வோம். அப்பா போன பிறகு முதல் பாதி எனக்கு வந்தது.

போன மாதம் பிரேசர் டவுனில் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்தேன். நோயாளியின் கோப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் வேலை அது. துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்குவதைவிட நல்ல வேலை. வீட்டிலிருந்தே செய்யவும் முடியும். சேரச் சொன்னதே அம்மாதான். ஆனால் கடை முடிந்து நேராக வகுப்புக்குப் போய், மர்பி டவுனுக்குத் திரும்பி வருவதற்குள் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறாள். வார நாட்களில் ஜெபமாலை நின்றுபோனது.

"தனியாச் சொல்லிப் பார்த்தேன். மூணாவது பத்துல தூங்கிடறேன்," என்றாள் அம்மா. யூடியூபில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் பிடிக்கவில்லை. "அந்தப் பொண்ணு பாட்டு மாதிரி இழுக்குறா. எனக்கு உன் குரல்தான் பழக்கம்."

அதனால்தான் என் குரலில் முதல் பாதிகளை மட்டும் பதிவு செய்து, அம்மா பதில் சொல்ல நடுவில் இடம் விட்டு, அவளுடைய போனில் ஏற்றினேன். நல்ல யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இன்று காலை கஞ்சியை ஆற்றிக் கொடுத்தபோது அம்மா சொன்னாள்:

"உன் போனுக்குக் கொஞ்சம் பொறுமை கத்துக்குடு. நான் பாதியில இருக்கறப்பவே அடுத்ததை ஆரம்பிச்சிடறே."

"நானா?"

"நீதானே அதுக்குள்ள இருக்கே. பஸ் பிடிக்கப் போற மாதிரி ஓடறே. நான் பின்னாடியே ஓடி வரேன்."

வாயைத் திறந்து சிரிக்க முடியாமல், கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். கீமோவினால் அவள் வாயெல்லாம் புண். நாக்கின் ஓரம் வெந்தது போல் இருக்கிறது. பதிவு செய்தபோது பதிலை நான் மனசுக்குள் என் வேகத்தில் சொல்லிப் பார்த்துத்தான் இடைவெளி விட்டேன். எனக்குப் புண் இல்லை. அதை நினைக்கவே இல்லை.

ஒரு வாரமாக அம்மா ஒவ்வொரு மணிக்கும் என் பின்னால் ஓடியிருக்கிறாள். நிறுத்திவைத்துச் சொல்லலாமே என்று கேட்டேன். "ஜெபத்தை எப்படி நிறுத்தறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

12 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கோவிலுக்கு வரவில்லை. கூட்டத்தில் யாராவது இருமினால் ஆபத்து என்று டாக்டர் தடுத்திருக்கிறார்.

இந்த முறை இடைவெளியை ஊகிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு பெரிய கற்கண்டை நாக்கின் அடியில் அடக்கிக்கொண்டு மறுபாதியைச் சொல்லிப் பார்த்தேன். வார்த்தை வழுக்கியது. எச்சில் வழிந்தது. அவ்வளவு நேரம்தான் அம்மாவுக்கும் ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

"வாயில என்னடி?"

"கற்கண்டு."

"ஜெபம் பண்ற வாயில கற்கண்டு. முதல் நற்கருணை வாங்கின நாள்லயும் நீ இப்படித்தான், மிட்டாய் தின்னுட்டு வந்து நின்னே."

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பதிவுகள். எந்த நாளில் எந்தத் தேவ இரகசியத்தைத் தியானிக்க வேண்டும் என்று சரிபார்த்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தொடக்கத்தில் 'இன்றைய கருத்து' சொல்ல வேண்டும். யாருக்காக, எதற்காக அன்று ஜெபிக்கிறோம் என்பதை அப்பா தினமும் புதிதாகச் சொல்வார். எல்லா நாளும் ஒரே கருத்தாக இருந்தால் மந்தமாக இருக்குமே என்று ஐந்தையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். திங்கள், கிணற்றுத் தெருவில் படுக்கையாக இருக்கும் யூனிஸ் டீச்சருக்காக. செவ்வாய், அப்பாவின் ஆன்மாவுக்காக. இப்படி. இந்த வியாழக்கிழமை அம்மாவுக்குக் கீமோ. அந்த நாளுக்கு, 'இன்று கீமோ நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாக' என்று எழுதினேன். எழுதும்போது நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. கீமோ முடிந்து, களைத்துப் படுத்திருக்கும்போது அதைக் கேட்டால் ஆறுதலாக இருக்கும் அல்லவா.

ஐந்து நாள் ஜெபத்தை ஒரே மதியத்தில் முடித்துவைப்பது சரிதானா என்று ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. காலையில் கோவில் வாசலில் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வகுப்பை விடவேண்டி வருமே என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதிவில் என் குரல் ஜெபித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பயிற்சித் தாளோடு இருக்கிறேன். வார நாட்களில் நான் தனியாக ஜெபிப்பதே இல்லை. வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறதே என்று ஒரு நிம்மதி.

16 அக்டோபர், வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் நானும் அம்மாவும் மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். அம்மா எப்போதும் போல் மாலையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, கீமோ அறைக்கு வெளியே, ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புற்றுநோய் முதலில் மார்பில் வந்தது. அறுவை செய்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது எலும்பில் திரும்பியது. இந்த முறை கீமோவுக்குக் கடைசித் தேதி கிடையாது. மருந்து கேட்கும்வரை, உடம்பு தாங்கும்வரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் வந்து உள்ளே கூப்பிடவில்லை. டாக்டரிடம் போகச் சொன்னார்.

"வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இன்னைக்குப் போட முடியாது. அடுத்த வியாழன் பார்ப்போம். அணு ஏறுறதுக்கு நாளைக்கும் சனிக்கிழமையும் ஒரு சின்ன ஊசி இருக்கு, வந்து போட்டுக்குங்க."

ஆட்டோவில் திரும்பினோம். அல்சூர் ஏரி தாண்டிய பிறகுதான், "மனசைத் தயார் பண்ணிட்டு வந்தேன்," என்றாள். பிறகு, "வியாதிக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தாச்சு. உள்ள உக்காந்து நல்லா சாப்பிடும்," என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இன்று மாலை வகுப்பில் தேர்வு. போகவில்லை என்றேன்.

"ஏன்? ஊசி போட்டிருந்தாலாவது பக்கத்துல உக்காந்து வாந்தி பிடிக்கணும். இன்னைக்கு எனக்கு என்ன? போய் எழுது."

போனேன். போவதற்கு முன் அம்மாவின் போனை எடுத்து சார்ஜ் பார்த்தேன், சத்தத்தைக் கூட்டிவைத்தேன், கையெட்டும் இடத்தில் வைத்தேன். இவ்வளவும் செய்தவளுக்கு அந்தப் பதிவின் முதல் வரி நினைவுக்கு வரவில்லை.

தேர்வில் ஒரு கேள்வி. ஒரு பெண்ணுக்கு மார்பகம் அகற்றியாகிவிட்டது. இப்போது கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். எந்த எண் போடுவாய்? அகற்றியாகிவிட்டதே என்று 'முன்பு இருந்த நோய்' என்பதற்கான எண்ணைப் போட்டேன். தாள்களை வாங்கிய பிறகு வெங்கடராமன் சார் விடைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வியில் நின்றார்.

"பாதிப் பேர் இதுல விழுந்திருப்பீங்க. ட்ரீட்மென்ட் ஓடிட்டிருக்கா? அப்ப வியாதி இருக்கு. டாக்டர் முடிஞ்சதுன்னு எழுதற வரைக்கும் நீங்க யாரு முடிச்சுவைக்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போது என் பைக்குள் போன் அதிர்ந்தது. வீட்டில் ஜெபமாலை தொடங்கும் நேரத்துக்கு நான் வைத்திருக்கும் அலாரம். அதை நிறுத்தும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எழுதிய வரி நினைவுக்கு வந்தது. இன்று கீமோ நல்லபடியாக முடிந்ததற்கு நன்றியாக.

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் வரும் அழைப்புகளை அவள் எடுப்பதில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தீபாவளி நெருங்குவதால் சாலையெல்லாம் கூட்டம். ஆட்டோ நகரவே இல்லை. வரும் வழியெல்லாம், மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போய்ச் சும்மா திரும்பி வந்த அம்மா அந்த வரியைக் கேட்டு என்ன செய்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை அணைத்திருப்பாளா? அழுதிருப்பாளா?

எங்கள் சந்துக்குள் நுழையும்போதே என் குரல் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. கடைசிப் பத்துக்கு வந்திருந்தேன். நான் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். பதில் வந்தது. அது அம்மாவின் குரல் இல்லை.

கதவைத் தள்ளினேன். அம்மா சுவரில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டித் தரையில் பக்கத்து வீட்டு சந்திரம்மா ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. எங்கள் கோவில் திருவிழாவுக்குச் சப்பரம் பார்க்க வருவார், அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும், "நீ இங்க நிக்கறே. அப்ப அங்க பேசறது யாரு?" என்று போனைக் காட்டினார்.

போன் என் குரலில் அடுத்ததைத் தொடங்கியது. "இரும்மா, வரேன். இவ ஒருத்தி," என்று போனிடம் சொல்லிவிட்டு, மறுபடி பதில் சொன்னார். முழுக்க வரவில்லை. நடுவில் சில வார்த்தைகள் இல்லை. முடிவில் 'வேண்டிக்கொள்ளும்' என்பதை மட்டும் உரக்கச் சொன்னார். ஜெபம் முடியும்வரை நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்றவும் தோன்றவில்லை.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு எப்படி..."

"செவுத்துக்கு அந்தாண்ட நான் இருக்கேன், செவுடா எனக்கு? உங்கப்பா காலத்துலருந்து கேக்கறேன். உங்கம்மா பிலோமினாவுக்கு வாய் வரல. நீ பாட்டுக்குச் சொல்றே, நிக்கறே, சொல்றே, நிக்கறே. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா பாவமா இருக்குது."

"எப்பலருந்து வரீங்க?"

"திங்கக்கெழமைலருந்து. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நான் சொல்றதில்ல, இப்பவே சொல்லிடறேன். அதுல என்னமோ மரண வேளைன்னு வருது. சீக்கா இருக்கறவங்க பக்கத்துல உக்காந்துகினு அதைச் சொல்லுவாங்களா? 'இப்பொழுதும் எப்பொழுதும்'னு மாத்திக்கினேன். உங்க மாதா கோச்சுக்கினா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கறேன்."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

அந்த வார்த்தை மறுபாதியில் இருக்கிறது. 'இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்' என்பது பதில் சொல்கிறவருக்கு உரியது. முதல் பாதியில் வாழ்த்து மட்டும்தான். வாழ்த்தைப் பதிவு செய்து வைத்துவிட்டு நான் வகுப்புக்குப் போயிருக்கிறேன். மற்றதை அம்மா யாருமில்லாத வீட்டில், புண்ணான வாயால், ஒவ்வொரு மணிக்கும் சொல்லியிருக்கிறாள். இது எனக்கு இன்று வரை தோன்றவில்லை.

சந்திரம்மா ஆன்ட்டி கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார். "கருத்துன்னு என்னமோ சொன்னியே, ஊசி முடிஞ்சுதுன்னு. இவளுக்கு மொகமே மாறிடுச்சு. ஹோக்லி பிடு, போவட்டும் விடு, தெரியாம சொல்லிட்டான்னு நான்தான் சொன்னேன்," என்றபடி போனார்.

நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதை எப்ப பதிவு பண்ணே?"

"ஞாயித்துக்கெழமை."

"அன்னைக்கே உனக்கு முடிஞ்சிருச்சு."

கோபமாகச் சொல்லவில்லை.

"நல்லபடியா நடக்கும்னு நம்பித்தாம்மா சொன்னேன்."

"நம்பினியா? இல்ல, சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சா?"

நான் எழுந்து செருப்பைக் கழற்றி வைத்தேன். அம்மா திரும்பக் கேட்கவில்லை.

அவளிடம் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. இந்த வியாழன் முடிய வேண்டும், அடுத்த முறை வரும் வியாழன் முடிய வேண்டும். கடைசித் தேதி இல்லாத ஒன்று முடிய வேண்டும் என்று விரும்புவது எதை விரும்புவது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மா எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

பிறகு அம்மா, "மாலையை எடு," என்றாள். "ஒரு பத்து மட்டும். முதல் பாதி நான் சொல்றேன். நீ பதில் சொல்லு."

"உனக்கு வாய் முடியாதே."

"மெதுவாச் சொல்றேன். எனக்காக நீ இரு. கருத்து நீயே சொல்லு. எழுதிவெச்சதைச் சொல்லாதே."

தாளில் எழுதாமல் நான் கருத்து சொன்னதே இல்லை.

"இன்னைக்குக் கீமோ போடல," என்றேன். "அடுத்த வியாழன் போடணும்."

அம்மா கண்ணை மூடியபடி காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அம்மாவோட வியாதியில எனக்கு அலுப்பா இருக்கு."

சொன்ன பிறகு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. ஆண்டவர் முன்னால் சொன்னதாகவும் ஆயிற்று, அம்மா முன்னால் சொன்னதாகவும் ஆயிற்று. எதற்கு அதிகம் பயந்தேன் என்று தெரியவில்லை.

"எனக்கும்தான்," என்றாள் அம்மா. சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கிவிட்டாள்.

அம்மா மிக மெதுவாகச் சொன்னாள். சில எழுத்துகள் நாக்கில் பட்டபோது நிறுத்தி, எச்சிலை விழுங்கித் தொடர்ந்தாள். நான் காத்திருந்தேன். பிறகு என் முறை வந்தது. 'இப்பொழுதும்' வரை சொன்னேன். அதற்கு மேல் போகவில்லை. சந்திரம்மா ஆன்ட்டியின் வார்த்தையைப் போட்டு முடித்துவிடலாம் என்று இருந்தது. அம்மா அடுத்த மணிக்கு நகரவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கவும் இல்லை. விரல் அந்த மணியிலேயே இருந்தது.

சொன்னேன். சொன்னதும் விரல் நகர்ந்தது.

ஐந்தாவது மணியில் குரல் உடைந்தது. எட்டாவதில் சரியானது. சரியானதுகூட எனக்குக் குற்றமாகப்பட்டது. இவ்வளவு சீக்கிரம் இதைச் சாதாரணமாகச் சொல்லப் பழகிவிட்டேனே என்று. அம்மாவுக்கு எப்போது பழகியது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

முடிந்த பிறகு வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"அதுக்கு ஒரு கும்பிடு. நீ கிளாசுக்குப் போகாம இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும். காலையில ஒரு பத்து சொல்லுவோம். அஞ்சு வேண்டாம். ஆனா நீ இருக்கணும்."

"பதிவையெல்லாம் அழிச்சிடட்டுமா?"

"இன்னைக்குள்ளதை அழி. மத்தது இருக்கட்டும். சந்திராவுக்கு வேணும். நாளைக்கு என்ன கருத்துன்னு இப்பவே கேட்டு வெச்சிருக்கா."

வியாழனை அழித்தேன். மாத்திரை கொடுத்தேன். வாய்ப்புண்ணுக்கான மருந்தைத் தடவும்போது அம்மா என் விரலை லேசாகக் கடித்தாள். விளையாட்டுக்கா, வலியிலா என்று தெரியவில்லை. இப்போது தூங்குகிறாள். அவளுக்கு நான் சொன்னது வலித்ததா, அல்லது யாராவது சொல்லட்டும் என்றுதான் இருந்தாளா என்பதும் தெரியவில்லை. தெரிந்தது போல் எழுதிவைக்கக் கூடாது.

நாளை காலை ஆறு மணிக்கு எழுந்து அம்மாவோடு ஒரு பத்து ஜெபமாலை சொல்ல வேண்டும். பிறகு அணு ஏறுவதற்கான ஊசிக்கு அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். கடையில் அரை நாள் விடுப்பு கேட்டாகிவிட்டது.